காலரில் நாலு விரல்

எப்படியும் என் மனைவியைப் பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டுதான் ஊரை விட்டுக் கிளம்புவது என்று சபதம் செய்தேன். பயப்படாதீர்கள், அவள் போட்டோவைத்தான் சொல்கிறேன்.

வெளியூர்க் கிளைக்கு ஒரு வருஷம் மாற்றல். அவள் வரவில்லை. பூட்டிய வீட்டில் தூசி படியுமாம்! தனியாகக் கிடக்கப்போகிறவனுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்த படம் ஒன்றாவது வேண்டாமா? எங்களிடம் அது கிடையாது. எல்லாப் படத்திலும் நான் அசடு வழிய நிற்பேன். பக்கத்தில் ஒரு முழங்கை வெளியேறிக்கொண்டிருக்கும். கேமராவைக் கண்டதும்தான் அவளுக்கு மேஜை விரிப்பு சுருங்கியிருப்பது தெரியும்.

பக்கத்து வீட்டு ஸ்டூடியோக்காரரிடம் முறையிட்டேன்.

"உங்க வீட்டம்மாவை ஒரு நிமிஷம் நிக்க வெக்க என்னால ஆகாது சார்!"

"அது என் பொறுப்பு. நீங்க ஏணி இரவல் கேக்கற மாதிரி வாங்க."

மறுநாள் காலை, சட்டைக் காலரை வேண்டுமென்றே மடக்கிவிட்டுக்கொண்டு கூடத்தில் நின்றேன்.

"என்னங்க இது, காலர்?"

"எது?"

"கடவுளே! தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்களோ!"

வந்தாள். காலரைப் பிடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த அதே பார்வை. எனக்கு ஊருக்கே போகவேண்டாம் போலிருந்தது. கதவோரத்திலிருந்து ஏணிக்காரர் கிளிக் செய்தார்.

சாயங்காலம் படம் வந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"என் பின்னாடி திரைச்சீலை கோணலாத் தொங்குது."

"அதை யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாப்பீங்கல்ல?"

"நான் உன்னைப் பாப்பேன்!"

"என்னைப் பாத்து முடிச்சதும் அதைப் பாப்பீங்க." யோசித்தாள். "சரி, நானே பிரேம் போட்டுப் பெட்டியில வெக்கறேன்."

சரணாகதி! ரயிலில் வழியெல்லாம் தொடையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு போனேன்.

வாடகை அறையில் பெட்டியைத் திறந்தேன். துணி சுற்றி, ஓரத்துக்கு அட்டை கொடுத்து, பிரேமைப் பத்திரமாக வைத்திருந்தாள். பிரித்தேன். உள்ளே நான் இருந்தேன். நான் மட்டும். இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துச் சலித்த அதே மூஞ்சி. தன் பக்கத்தைத் திரைச்சீலையோடு சேர்த்துப் பிசிறில்லாமல் வெட்டியிருந்தாள். என் காலரில் அவளுடைய நாலு விரல் மட்டும் மிச்சம்.

ஐந்து நாள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கவில்லை. போன் போட்டேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"உங்க பாதி நல்லாத்தானே இருக்கு?"

"என் பாதி எனக்கு எதுக்கு? உன்னைப் பாக்கணும் போல இருக்கு."



"பிரேமை நேரா மாட்டினீங்களா?"

"மாட்டினேன்."

"இங்க எல்லாம் வெச்சது வெச்ச இடத்துல அப்படியே இருக்கு. கலைக்க ஆளில்லை." குரல் இறங்கியது. "திரைச்சீலையை நேராக்கிட்டேன். வந்தீங்கன்னா வேற படம் எடுத்துக்கலாம். அதே சட்டையைப் போட்டுக்குங்க. காலரையும் அன்னிக்கு மாதிரியே வேணும்னே மடக்கி விட்டுக்குங்க."

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"வந்து ஒரு வாரம்கூட ஆகலையே சார், அதுக்குள்ள எதுக்கு லீவு?"

"திரைச்சீலை" என்றேன்.