லேட்டாக வந்த வாத்தியார்

பள்ளிக் கொட்டகையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கொத்தனார் சிமெண்டுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

"யாரு?" பட்டன் அக்காவின் குரல். பகலில் தையல் கம்பெனியில் பட்டன் வைப்பவள். சாயங்காலம் இங்கே மூத்த மாணவி, லீடர்.

"நான்தாம்மா, சார்."

"லேட்டா வந்தா வெளியதான் சார். நீங்க போட்ட சட்டம்."

பிள்ளைகள் ஆடி அசைந்து வருகிறார்கள் என்று போன மாதம் அவரேதான் போட்டார். 'வாத்தியாருக்குச் செல்லாது' என்று ஒரு வார்த்தை சேர்த்துத் தொலைத்திருக்கலாம். கையில் கடிகாரம் இல்லை. கதவையே சாத்திவிட்டார்கள் என்றால் நேரமாகித்தான் இருக்கும்.

"அம்மாடி, இன்னைக்கு டிரஸ்ட்லேருந்து புது அம்மா வர்றாங்கன்னு சொன்னேன்ல? திறம்மா!"

போன தடவை வந்த டிரஸ்ட் ஐயா, "என்ன படிச்சீங்க?" என்று கேட்டதற்கு மொத்தப் பிள்ளைகளும் ஒரே குரலில், "சார் சின்ன வயசுல செங்கல் சுமந்தாரு!" என்றன. கூட்டலில் ஆரம்பித்தாலும் பூகோளத்தில் ஆரம்பித்தாலும் கொத்தனாரின் பாடம் செங்கல் சூளையில்தான் போய் நிற்கும். "அடுத்த தடவையும் இப்படின்னா கொட்டகைய மூடிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த ஐயா.

"எல்லாருக்கும் மிட்டாய் வாங்கித் தர்றேன்!"

"லஞ்சம் தப்புன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

இனிப் பின்பக்க ஜன்னல்தான் கதி. அவர் கையால் வைத்த ஜன்னல், கம்பி அப்புறம் போடலாம் என்று விட்டது. தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு மட்டும் வரமாட்டேன் என்றது. ஜன்னல் வைத்த காலத்தில் அவருக்கு வயிறென்று ஒன்று இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவைத் திறந்து டிரஸ்ட் அம்மாவை உள்ளே விட்டாள் பட்டன் அக்கா.

"யாருங்க இது, ஜன்னல்ல?"

'நான்தான் வாத்தியார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தக் கோலத்தில் நாக்கு எழவில்லை. "படிக்க வந்தேம்மா. கொத்து வேலை முடிச்சு வர லேட்டாயிடுச்சு."

"அடடா! போர்டுல இருக்கறத வாசிங்க, பாப்போம்."

தொங்கியபடியே தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தார்.

"எத்தனை மாசமா படிக்கிறீங்க?"

"மூணு... மூணு மாசம்."

அந்த அம்மா நெகிழ்ந்து போய்ப் பட்டன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், மூணே மாசத்துல ஒரு கொத்தனார இப்படி வாசிக்க வச்சிருக்கீங்க! இதையா மூடச் சொன்னாங்க? தாராளமா நடத்துங்க."

அந்த அம்மா போனதும் பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கொத்தனார் வந்தார், கூடவே ஜன்னலோரத்துப் பூச்சும் வந்தது. தன் வேலையின் உறுதி அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

தூசியைத் தட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா, எப்படிச் சமாளிச்சேன்னு? நான் மட்டும் லேட்டா வராம இருந்திருந்தா இந்நேரம் பள்ளிக்கூடமே போயிருக்கும்!"

முன்வரிசையில் இருந்த பல் விழுந்த சின்னப்பெண் எழுந்து நின்றாள்.

"நீங்க லேட்டெல்லாம் இல்ல சார். அந்தம்மாகிட்டயும் நீங்க செங்கல் கதைய எடுத்துருவீங்கன்னு நாங்கதான் சீக்கிரமாவே கதவச் சாத்திட்டோம்."