கயிறு தெரியாத படம்

தாராவியில் ஒரு தெருவையே கயிற்றால் கட்டி நிறுத்தி வைத்தவர் என்றால் அது கொடி அண்ணாச்சிதான். தான் கையை எடுத்தால் எங்கள் சந்து இரு பக்கமும் சாய்ந்துவிடும் என்று அவர் நம்பினார். நாங்களும் மறுத்ததில்லை. மறுத்தால் ஏணியைப் பிடிக்கச் சொல்வார்.

அவருக்குத் தையல் பட்டறையில் வேலை. மிஞ்சும் வெட்டுத்துணியெல்லாம் அவர் கையில் முக்கோணக் கொடியாகிவிடும். பொங்கலுக்குச் சந்தில் பானை ஏறுமுன் எதிரெதிர் மாடி ஜன்னல்களுக்கு நடுவே கொடிக்கயிறு ஓடியாக வேண்டும். பக்கத்துச் சந்தில் ஈத் என்றால் அங்கேயும் ஏணியோடு போய் நிற்பார்.

இந்த வியாதி முற்றியதற்கு நான்தான் காரணம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு காலண்டர் படத்தை அவருக்குக் கொடுத்துத் தொலைத்தேன். யாரோ வெளிநாட்டு ஓவியர் வரைந்த பண்டிகைத் தெரு. இரு பக்கமும் மாடிகள், ஜன்னல் தவறாமல் கொடிகள், கீழே எறும்புச் சாரையாக ஜனம். எல்லாமே தூரிகைத் தீற்றல்.

"என்னவே, மழையில நனைஞ்சுட்டா?"

"இம்ப்ரெஷனிசம் அண்ணாச்சி. பார்த்ததும் மனசுல என்ன பதியுதோ அதை வரையறது." பத்திரிகையில் எழுதுகிறவன் நான், எதையும் அரைகுறையாக விளக்க எனக்கு உரிமை உண்டு.

வெகுநேரம் பார்த்தார். "கயித்தக் காணோமே."

"அங்கே கயிறு கிடையாது. கம்புல கட்டி ஜன்னல்ல சொருகுவாங்க."

"போம்வே! ஒத்த ஜன்னல்ல நின்னா அது கொடியா? அந்தப் பக்கம் ஒருத்தன் பிடிக்கணும்லா. தூரத்துல நின்னு வரைஞ்சிருக்கான், கயிறு கண்ணுக்குத் தெரியல."

அவர் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல் அவருடைய சொந்தத் தம்பியுடையது. தண்ணி டிரம் யார் வாசலில் நிற்பது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம். சந்தெல்லாம் கொடி ஆடும். அந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே மட்டும் வெறும் வானம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணாச்சி கயிற்று முனையை எதிரே வீசுவார். தம்பி பிடிக்க மாட்டார். அது குறி தவறாமல், ஏணியைப் பிடித்து நிற்கும் என் தலையில் விழும்.

ஒரு மார்கழியில் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவர் சைகை காட்டி அழைத்தார். குனிந்தேன். "அந்த ரெண்டு ஜன்னல்..." என்றார். மேற்கொண்டு பேச மூச்சு போதவில்லை.

அதைச் சந்து முழுக்கச் சொன்னேன். தம்பி வீட்டு வாசலில் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

போகியன்று காலை, வழக்கம்போல் என் தலையில் ஒரு கயிறு விழுந்தது. நிமிர்ந்தேன். இந்த முறை தம்பி ஜன்னலிலிருந்து.

"முழிக்காதயும்வே. அண்ணன் ஜன்னல்ல கொண்டு கட்டும்."

நாற்காலியில் ஏறினாலே தலைசுற்றுகிற ஆள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஏணியேறி, ஏதோ ஒரு முடிச்சைப் போட்டு இறங்கினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சந்துக்குள் நடந்து வந்தார். பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன. தன் வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"எந்தக் கிறுக்கன்லே இப்படி முடிச்சுப் போட்டது?"

எதிர் ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"உமக்குத் தோள் குடுத்து நிக்கானே, அந்தப் பத்திரிகைக்காரன்தாம்ணே."

அண்ணனும் தம்பியும் திரும்பப் பேசிய முதல் பேச்சு என்னைப் பற்றியது. அதைவிட நல்ல விமர்சனம் என் எழுத்துக்குக்கூடக் கிடைத்ததில்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் வைத்திருந்த அந்தக் காலண்டர் படம் என் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் கொடிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று கயிற்றைத் தேடுகிறேன். சில நாள் தெரிகிறது.