பறுவத்தில் வாங்கிய நண்டு

ரொறன்ரோ முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், நிலவைப் பார்த்து நாள் குறித்துச் சைனாடவுனுக்குப் போகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி நண்டு அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும்.

பறுவத்தை, அதாவது பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நண்டில் சதை இருக்காது என்பது அவர் கொள்கை. நிலவு வெளிச்சத்துக்குப் பயந்து நண்டு இரை தேடாமல் பட்டினி கிடக்குமாம்.

"அண்ணை, உது பசுபிக் கடலிலை பிடிச்சுப் பிளேனிலை வாற நண்டு" என்றேன்.

"அங்கை என்ன, வேறை நிலவோ?" என்றார்.

பக்கத்து அஜின்கோர்ட்டில் சீனக்கடைகளுக்குக் குறைவில்லை. இவரோ பஸ், சப்வே, ஸ்ட்ரீட்கார் என்று மூன்று ஏறி ஸ்படைனா வீதிக்குத்தான் போவார். அங்கே ஒரு கடையில் மீன் பகுதியைப் பார்க்கிற சீன அன்ரி இருக்கிறார். நண்டுத் தொட்டிக்கு மேல் 'தொடாதே' என்று எழுதித் தொங்கும். இவர் தூக்கி, வயிற்றைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அன்ரி இடுக்கியால் இவர் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவர் சீனத்தில் ஏச, இவர் தமிழில் ஏச, கடையே வேடிக்கை பார்க்கும். வெளியே வந்ததும், "மனிசி தொழில் தெரிஞ்சவ" என்பார்.

போன மாசியில் அவர் மனைவிக்கு ஒப்பரேஷன். எனக்கு அவர் அக்கா. வீட்டுக்கு வந்து மூன்று கிழமையாகியும் அக்காவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. இப்படியே போனால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை அக்கா தானாகவே, "நண்டுக்கறி எண்டால் கொஞ்சம் சாப்பிடுவன்" என்றாராம். அண்ணை கலண்டரைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பறுவம்.

"தம்பி, காரை எடும்" என்று என் கதவைத் தட்டினார். வழி முழுக்க நிலவுக்குத்தான் திட்டு.

கடையில் அவர் நண்டைத் தொடவே இல்லை. தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இடுக்கியோடு தயாராக நின்ற சீன அன்ரிக்கு அது தாங்கவில்லை. என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

"வைஃப். சிக்" என்றார் அண்ணை. இத்தனை வருடத்தில் இருவருக்கும் விளங்கிய முதல் பேச்சு அதுதான்.

அன்ரி இடுக்கியைக் கீழே வைத்தார். நண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி, அண்ணை செய்வதைப் போலவே பெருவிரலால் வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாலைத் தெரிந்தெடுத்துத் தந்தார்.

பின்னேரம் நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணை ஒவ்வொரு காலாக உடைத்து, சதையை நோண்டி அக்காவின் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அக்கா சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்து, "உங்களுக்கு?" என்றார்.

அண்ணை சதை நோண்டி எடுத்த வெறும் கோது ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீரே, ஒண்டுமில்லை. பறுவத்து நண்டு உப்பிடித்தான் எண்டு நான் சொன்னனான்தானே."

அவரை எதிர்த்துப் பேச அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. "ஓம் அண்ணை, சதையே இல்லை" என்றேன்.