பொன்னுரங்கம் இறக்கிக்கொண்ட பாட்டு

தன் தொண்டை பாட்டுக்கு எட்டவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல், பாட்டுதான் தன் தொண்டைக்குச் சரியாக அமையவில்லை என்று அதைத் திருத்த உட்காரும் மனித இனம் ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறும் அடியை இறக்குவார்கள், இழுத்துப் பாட வேண்டிய இடத்தில் செருமிக்கொள்வார்கள், மூச்சுப் போதாத வரியை அப்படியே விழுங்கிவிட்டு, "அதுல ஒரு சோகம் இருக்குது பாரு" என்பார்கள். யாருக்குச் சோகம்? கேட்டவனுக்கு.

ஒல்லாந்தர் கோட்டையில் கொடி பறந்த காலத்தில், பழவேற்காட்டுப் பக்கம் இந்த இனத்துக்குத் தலைவன் பசியாவரம் என்ற மீனவக் குப்பத்துப் பொன்னுரங்கம். கரையில் நின்று கூட்டமாகக் கரைவலை இழுக்கையில் முன்பாட்டுப் பாட வேண்டும் என்பது அவனுக்கு உயிர். மடவை மீன் கூட்டம் கரையோரம் வந்த அன்று பார்த்து, வழக்கமாகப் பாடுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஊர்ப் பெரியவர் தருமலிங்கம் இவனைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீ பாடு. கெடுத்தே, அப்பால காலத்துக்கும் கயிறு இழுக்குறதுதான் உனக்கு."

கப்பலேறி ஜாவாத் தீவின் பத்தாவிக்குப் போன புருசனை நினைத்து ஒருத்தி அழும் பாட்டு அது. நாலாவது அடியில் அவள் "போனியே!" என்று உச்சத்துக்கு ஏறுவாள். பொன்னுரங்கத்தின் தொண்டையோ மூன்றாவது அடியிலேயே மூச்சு வாங்கும். அதனாலென்ன? வலை கடலில் இறங்குவதற்குள் அந்த அடியை இறக்கி, அவளை அழவிடாமல் முனக வைத்துவிட்டான்.

"இன்னாய்யா, புருசன் போனதுக்கு அழுவுறாளா, பல்லு வலின்னு மொனவுறாளா?" என்றாள் அவன் மனைவி ரங்கம்மாள்.

"ஒனக்கு இன்னா தெரியும்? அடக்கி அழுதாத்தான் அழுகை."

பல்வலிதான் என்று அவனுக்கும் உள்ளூரத் தெரியும். தெரிந்தும் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கரைக்குப் போனான்.

ஆட்கள் இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். மூன்று அடி சுகமாகப் போயிற்று. நாலாவதில் "போனியே..." என்று கிணற்றுக்குள் இறங்குகிறவன் மாதிரி இறங்கினான். ஒருவரும் இழுக்கவில்லை. எப்படி இழுப்பார்கள்? அந்த உச்சக் குரல்தானே இரண்டு வரிசையும் ஒன்றாகச் சாய்ந்து இழுப்பதற்கு அடையாளம்! கயிறு தொய்ந்தது, வலையின் மேல்விளிம்பு அமிழ்ந்தது, ஊருக்கே சோறு போட வேண்டிய மடவைகள் துள்ளித் துள்ளித் தாண்டின.

"அய்யோ, போவுதே!"

வயிறெரிந்து அலறினான் பொன்னுரங்கம். அடேயப்பா, அதுதான் நாலாவது அடி! முழு உச்சம், ஒரு பிசிறில்லை. இரண்டு வரிசையும் தானாகச் சாய்ந்து இழுத்தது. போனது பாதி, கரை சேர்ந்தது பாதி.

தருமலிங்கம் காதைக் குடைந்துகொண்டே வந்தார். "இத்தினி நாளா இத்தை எங்கடா வச்சிருந்தே?"

"எனுக்கு இன்னா தெரியும் நைனா? தப்பிச்ச மீனைத்தான் கேக்கணும்" என்று மணலில் உட்கார்ந்து தன்னை நினைத்துத் தானே சிரித்தான். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கும் நீயே பாடு என்றார்.

மறுநாள் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அந்த அலறலை மட்டும் கொஞ்சம் எறக்கிக்கினா..." என்று ஆரம்பித்தான். ரங்கம்மாள் வலைக் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இந்தக் கதையை நாளைக்கு யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். உங்களைச் சுடுகிற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, மெல்லத் தாண்டிப் போய்விடுவீர்கள். போங்கள், போங்கள். மடவையும் அப்படித்தான் போயிற்று.