முயல் தளத்தில் மாப்பிள்ளை வைத்த இணைப்புகள்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு உள்ளிணைப்புதான். கட்டுரையில் ஒரு சொல்லுக்கு நீல நிறம் பூச வேண்டும். அதைத் தொட்டவர் நம்முடைய இன்னொரு கட்டுரைக்குப் போவார். அங்கே இன்னொரு நீலச் சொல். பிறவிக் கடலில் ஜீவன் சுற்றுவதுபோல் வாசகர் நம் தளத்துக்குள்ளேயே சுற்றுவார். முக்தி கிடையாது.

எங்கள் தளம் முயல் வளர்ப்பவர்களுக்கு மட்டுமே ஆனது. அலுவலகம் டயர் கடைக்கு மேல் இரண்டு அறைகள். கட்டுரைகளை எழுதுபவர் முயலக்கா. வீட்டில் ஆறேழு முயல்களோடு குடித்தனம் நடத்துபவர். கட்டுரைகளுக்கு இணைப்பு வைப்பது செயற்கை நுண்ணறிவு. அதை மரியாதையோடு 'மாப்பிள்ளை' என்று அழைத்தோம். என்ன செய்தாலும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் முதலாளி மனம் தாங்க மாட்டார்.

மாப்பிள்ளை வந்த வாரமே கட்டுரைகள் எல்லாம் நீலம் பாரித்துப் போயின. 'காது' என்ற சொல் குல்லாய்க் கட்டுரைக்குப் போயிற்று. 'பல்' சீப்புக்குப் போயிற்று.

'முயல் சாப்பிட மறுத்தால்' என்ற கட்டுரையில் அக்கா இப்படி எழுதியிருந்தார்: 'காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.' 'மருத்துவர்' என்ற சொல்லைத் தொட்டால் அவசர மருத்துவர்களின் தொலைபேசி எண்கள் வரும். மாப்பிள்ளை அந்த இணைப்பைப் பிடுங்கிவிட்டார். அதற்காக ஒரு கூட்டம் கூடியது.

"அந்தப் பக்கத்துக்குப் போனவங்க யாருமே நம்ம தளத்துக்குத் திரும்பல," என்றார் முதலாளி, துக்க வீட்டுக் குரலில்.

"டாக்டருக்கு போன் பண்ணப் போயிருப்பாங்க சார்," என்றார் முயலக்கா.

"அதாங்கக்கா வியாதி! நம்மள விட்டுப் போறாங்க பாருங்க."

"முயல் செத்துப் போச்சுன்னா?"

"நல்ல காரியம் பேசறப்போ அபசகுனமா பேசாதீங்க. மாப்பிள்ளை வேற இணைப்பு வெச்சிருக்காரு. முயலுக்கு டாக்டர் கோட்டு! என்ன பொருத்தம்!"

கைதட்டினோம். முயலக்கா தட்டவில்லை. பாவம், தொலைநோக்கு இல்லாதவர்.

மறுநாள் மாலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்தார். எதிர்முனையில் ஒரு தாயின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"என் பொண்ணோட முயல் காலைலேர்ந்து வாயே திறக்கலீங்க. உங்க பக்கத்துல டாக்டர்னு தொட்டா கோட்டு காட்டுது. அவசரம்னு தொட்டா பயணக் கூண்டு காட்டுது. நான் இப்ப எங்கங்க போவேன்?"

"நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்கம்மா. முயலை எடுத்துட்டுக் கெளம்புங்க, வழியில பேசிக்கலாம். நானும் அங்க வந்துடறேன்."

அக்கா செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கி ஓடினார். வேலை நேரத்தில்! இந்த ஒழுங்கீனத்தைக் கண்டு நாங்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது, முதலாளி கணினித் திரையைப் பார்த்துப் பரவசமடைந்திருந்தார்.

"காலைலேர்ந்து ஒரே வாசகி! ஒரு பக்கம் விடாம பாத்திருக்காங்க. பக்தின்னா இது பக்தி!"

அடுத்த நாள் மதியம், அந்தக் கட்டுரையின் கீழே ஒரு கேள்வி வந்தது. 'நேத்து போன்ல பேசின அம்மாதான் எழுதறேன். காப்பாத்த முடியல. காலையிலேயே கொண்டு வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னார். உங்க அக்கா கடைசி வரைக்கும் எங்ககூடவே நின்னாங்க, அவங்களுக்கு நன்றி. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள சொல்லுங்க: எவ்வளவு ஆழத்துல புதைக்கணும்?'

வாசகருக்குப் பதில் சொல்வதும் மாப்பிள்ளையின் பொறுப்பு. நொடியில் சொன்னார்: 'ஆழ்ந்த வருத்தங்கள்.' இதில் 'ஆழ்ந்த' என்ற சொல் நீலம். தொட்டால், ஆழமான தண்ணீர்க் கிண்ணங்கள்.

முதலாளி எழுந்து நின்றார். கண்கள் பனித்திருந்தன.

"பாத்தீங்களா? திரும்பி வந்துட்டாங்க!"

போன வாசகரைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொள்கிறது. விடை எங்களிடம் இருக்கிறது: அவர் வீட்டு முயலைக் கொன்றால் போதும்.