ஊசிமுத்து வாங்கிய மீன்கண் லென்ஸ்

ஒரு காட்டில் ஊசிமுத்து என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். அந்தக் காட்டில் சிங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை, தூங்கட்டும் விடுங்கள்.

ஊசிமுத்துவுக்குக் கல்யாண வயது வந்து, கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தாண்டியும் போய்விட்டது. அப்பன் ஆத்தா இல்லை. சொத்து என்று பார்த்தால் கரையான் புற்றுக்குப் பின்னால் ஒரு வளை. அதற்குள் நின்று கொட்டாவி விட்டால் எதிர்ச் சுவரில் மூக்கு இடிக்கும். அப்புறம் ஒரே ஒரு தண்ணீர்ப் பானை, மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த கிழங்கு. அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் போன கோடையில் உப்புப் பாறைக்குப் போன இடத்தில் பக்கத்துக் காட்டு முள்ளம்பன்றிப் பெண் கூரழகியைப் பார்த்துத் தொலைத்தான். பார்த்த பார்வையில் உப்பு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய் வெறும் கல்லை நக்கிக்கொண்டு நின்றான். அவள் களுக்கென்று சிரித்துவிட்டுப் போனாள். அன்றோடு பயலுக்குப் பகல் தூக்கம் போயிற்று. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று தரகர் மைனாவைத் தூது அனுப்பினான்.

மைனா போன வேகத்தில் திரும்பி வந்தது.

"பொண்ணு தலையாட்டிருச்சு தம்பி. ஆனா அவங்கப்பா ஈட்டியப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. மாப்பிள்ளை வீட்டைச் சுத்துப்படமா எடுத்து அனுப்பச் சொல்றார்."

அது அந்தப் பக்கத்துக் காடுகளில் புதிதாக வந்த வழக்கம். முன்பெல்லாம் பெண் வீட்டார் கும்பலாக வந்து, வயிறு முட்டத் தின்று, மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்துவிட்டுப் போவார்கள். போன் வந்த பிறகு படம் அனுப்பினால் போதும் என்றானது. அதில் ஒரு பெருச்சாளி மாப்பிள்ளை அருவி தெரிகிற பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டான். பெண் வந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் மலைபோலக் குப்பைமேடு. அதிலிருந்து நாலு பக்கமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், பனோரமா இல்லாமல் பேச்சே கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

"அவங்க வீட்டுப் படம் இந்தா" என்று மைனா போனை நீட்டியது.

ஊசிமுத்து பார்த்தான். ஏரி! கரை காணாத ஏரி. அதன் ஓரத்தில் ஜம்மென்று ஒரு வளை. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தப் பொந்தை எந்த முகத்தோடு காட்டுவது?

நேரே குரங்கிடம் ஓடினான். அந்தக் குரங்குக்கு லங்கேசு என்று பெயர். ஆலமரத்து உச்சியில் உட்கார்ந்து, ஊரில் உள்ள கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் பற்றி வீடியோ போடுவது தொழில். எதையும் சொந்தக் காசில் வாங்கியதில்லை. ஆகவே எல்லாவற்றைப் பற்றியும் அதற்குக் கருத்து உண்டு.

"பனோரமாவா? மீன்கண் லென்ஸ்தான் எடுக்கணும் நண்பா" என்றது லங்கேசு. "சாதா லென்ஸ்ல எடுத்தா இருபது முப்பது படம் சுத்திச் சுத்தி எடுத்து ஒட்டணும். நீ புதுசு, ஒட்டறதுக்குள்ள பொண்ணுக்குக் குழந்தை பிறந்துரும், வேற ஆளோட."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதண்ணே."

"மீன்கண்ணுல ரெண்டு வகை. ஒண்ணு, படம் நாலு மூலையும் நிறைஞ்சு வரும், ஆனா மூலைக்கு மூலை அளந்தாதான் முழு அகலம். ஆறேழு எடுக்கணும், ஆனா தெளிவா இருக்கும். இன்னொண்ணு வட்டமா விழும். முன்னாடி, மேல, கீழ, ரெண்டு காதுப் பக்கமும் ஒரே அமுக்குல வந்துரும். நாலே படம், முடிஞ்சுது சோலி."

"இதுல எது நல்லதுண்ணே?"

"அது உன் தேவையைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு லங்கேசு வாலைச் சொறிந்தது. உலகத்தில் இந்த ஒரு பதிலைச் சொல்லியே பிழைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஊசிமுத்து போகத் திரும்பியபோது குரங்கு கூடவே ஒன்றைப் போட்டது: "ஒரு விஷயம். எந்த மீன்கண்ணா இருந்தாலும், கிட்ட இருக்கறதைப் பூதாகரமாக்கி, தள்ளி இருக்கறதை ரொம்பத் தள்ளிவிட்டுரும். சின்ன இடம் அரண்மனை மாதிரி தெரியும்."

ஊசிமுத்துவின் காதில் மற்றதெல்லாம் விழவில்லை. அரண்மனை மட்டும் விழுந்தது.

கேமராக் கடை வைத்திருந்தது உடும்பு. பிடித்தால் விடுமா? "அகலம் ஜாஸ்தி இருக்கறதையே எடுத்துக்கங்க. பொண்ணு வீட்டுக்காரங்க அகலத்தைத்தான் பார்ப்பாங்க" என்று வட்டப் படம் விழுகிற லென்ஸை ஒரு பழைய கேமராவோடு சேர்த்துக் கையில் திணித்தது. பழகிக்கொள்ள ஏதாவது சொல்லித் தரக் கூடாதா என்றான் இவன். "முன்னாடி மூடியைக் கழட்டிட்டு எடுங்க" என்றது உடும்பு. மழைக்காலத்துக் கிழங்கு அத்தனையும் கைமாறியது.

வளைக்குள் போய், கேமராவை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். இது சரியாக வரவில்லை என்றால் கூரழகி கிடையாது என்று நினைத்த மாத்திரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் முள் நிமிரும், அது அவர்கள் வம்சத்து வழக்கம். நிமிர்ந்த முள்ளோடு ஒரு படம் எடுத்தான். கால் மாற்றித் திரும்பினான், ஒரு படம். இப்படி நாலு பக்கமும் எடுத்து, நாலையும் தன் கைக்கு வந்தபடி ஒட்டி அனுப்பிவிட்டான்.

அனுப்பிய பிறகுதான் நிதானமாகப் பார்த்தான். அடக் கடவுளே! ஒட்டுகிற இடமெல்லாம் பிசகி, இருந்த ஒரு பானை நாலாகத் தெரிந்தது. படத்தின் ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, அவனுடைய முள்ளே வரிசையாக நின்றது. அந்த லென்ஸ் காதுப் பக்கம்வரை பார்க்கும் என்று குரங்கு சொன்னதே, அந்தக் காது தன்னுடையதும்தான் என்று மடையனுக்கு உறைக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மைனா சிறகடித்துக்கொண்டு வந்தது. "தம்பி, அடிச்சுதய்யா யோகம்! ஈட்டியப்பனுக்கு வாயெல்லாம் பல்லு. சுத்திலும் கம்பிவேலி போட்ட பெரிய வீடு, நாலு பானை தண்ணி, இந்தக் காலத்துல யார் வெச்சிருக்கான்னு மெச்சிக்கிட்டார். நாளைக்கே பொண்ணைக் கூட்டிக்கிட்டு நிச்சயம் பண்ண வர்றாராம்."

நேரில் வருகிறாரா! ஊசிமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உண்மையைச் சொல்லி அனுப்பலாமா என்று நினைத்தான். சொன்னால் அவள் வரமாட்டாள். சொல்லாவிட்டால் வந்து, பார்த்து, காறித் துப்பிவிட்டுப் போவாள். எப்படியும் போகப்போகிறவள், ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டான். காதல் அவனை அவ்வளவு கேவலமாக ஆக்கியிருந்தது.

மறுநாள் வந்தார்கள். ஈட்டியப்பன் வளைக்குள் தலையை விட்டார். தலை போயிற்று, தோள் போகவில்லை. வெளியே இழுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வேலி எங்கே?"

பயத்தில் ஊசிமுத்துவின் முள் சரசரவென்று எழுந்து நின்றது. ஈட்டியப்பன் அதைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"அடப்பாவி! மிச்ச மூணு பானை?"

"அது ஒட்டினதுல வந்தது மாமா."

"நான் உனக்கு மாமாவா? ஒரு கிழங்கு எடுத்து வைக்க வக்கில்லை, உனக்குப் பொண்ணு கேக்குதா? தரகரே, இவனை நம்பி என்னை ஏரிக்கரையிலிருந்து இழுத்தடிச்சீரே!" என்று அவர் குதித்த குதியில் பக்கத்துப் புற்று உதிர்ந்தது. மைனா ஏற்கெனவே மரக்கிளைக்குப் போய்விட்டது.

அதுவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கூரழகி வாயைத் திறந்தாள்.

"அப்பா, நம்ம ஏரியைத் தாண்டி வர உங்களுக்கு எத்தனை எட்டு ஆச்சு?"

ஈட்டியப்பன் குதிப்பதை நிறுத்தினார்.

"ஒரே எட்டு" என்றாள் அவளே. "எருமைக் குளம்பு பதிஞ்ச பள்ளம். போன வாரம் அதுவும் காஞ்சுபோச்சு."

ஊசிமுத்து வாயைப் பிளந்தான். கரை காணாத ஏரி?

"நான்தான் எடுத்தேன்" என்று அவன் பக்கம் திரும்பினாள் அவள். "இதே லென்ஸ்தான், அதே உடும்புகிட்ட வாங்கினது. தண்ணிக்குக் கிட்ட மூக்கை வெச்சு அமுக்கினா சமுத்திரமே வரும். உங்க படம் வந்ததுமே தெரிஞ்சுபோச்சு, அது வேலி இல்லை, உங்க முதுகுன்னு. என் முதல் படத்துலயும் அப்படித்தான் விழுந்தது. அப்புறம் கோணிச் சாக்கைப் போர்த்திக்கிட்டு எடுத்தேன். உங்களுக்குச் சாக்கு போர்த்திக்கத் தோணலையா?"

"தோணலைங்க" என்றான் ஊசிமுத்து.

"தெரிஞ்சுமா என்னை இவ்வளவு தூரம் நடக்கவெச்சே?" என்று பல்லைக் கடித்தார் ஈட்டியப்பன். "இந்தப் புளுகனையா கட்டிக்கப்போறே?"

"ஆமாப்பா. தன் முதுகையே மறைக்கத் தெரியாத ஆளு, நாளைக்கு என்கிட்டேருந்து வேற எதை மறைச்சுடப்போறாரு? மறைக்கற வேலையை நான் பார்த்துக்கறேன்."

ஈட்டியப்பனுக்கு மேற்கொண்டு பேச ஏரியும் இல்லை, வழியும் இல்லை. அந்த ஒரே பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். கல்யாணம் அந்த வாரமே நடந்தது. படம் எடுக்க லங்கேசு தானே வலிய வந்து, மணமேடைக்கு ரொம்பக் கிட்டப் போய் மீன்கண்ணை வைத்து அமுக்கிவிட்டது. இன்றைக்கும் அந்த வளையில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தில் இரண்டு மூக்குதான் தெரியும். மாப்பிள்ளை, பெண் இருவரும் அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஆணியில் ஒரு கோணிச் சாக்கும் தொங்குகிறது.

நீதி: பொய் சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை, கையும் களவுமாகப் பிடிபடுகிற அளவுக்கு மோசமாகச் சொல், நல்ல இடத்தில் சம்பந்தம் அமையும்.