ராஜாளி மதகு திறந்த வரலாறு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன். நம்பாதவர்கள் தென்வடல் நாட்டுக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே வழி மட்டும் கேட்டுவிடாதீர்கள். தெற்கு எது, வடக்கு எது என்ற வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது.

அந்த நாட்டின் அரசு அலுவலகங்களில் நானூற்றுப் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. முந்தைய ஆட்சியார் அவற்றில் ஆமை என்றொரு இயங்குதளத்தை வைத்திருந்தார்கள். அலுவலர்கள் காலையில் வந்து கணினிக்கு ஒரு கும்பிடு போடுவார்கள். பிறகு காகிதத்தில் எழுதி, முத்திரை குத்தி, வந்தவர்களை அனுப்பி வைப்பார்கள். வேலை நடந்தது. ஆமையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் தேர்தல் வந்தது. மகாத்தலைவர் வென்றார். வென்றவர் தோற்றவரின் ஆமையோடு குடித்தனம் நடத்த முடியுமா? ஐப்பசி முதல் நாள் எல்லா அலுவலகங்களும் ராஜாளி என்னும் புதிய இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

“ஆமை அறுபது நாளில் செய்ததை ராஜாளி ஆறு நொடியில் செய்யும்” என்றார் கணினித்துறை அமைச்சர் வெயிலுமுத்து. எதைச் செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் அப்படியெல்லாம் கேட்பது அங்கே வழக்கமில்லை.

புது வீடு குடிபோகிற முறைப்படியே எல்லாம் நடந்தது. உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் வந்தன. ஏரிக்கரை அலுவலகத்துக் கணினியின் மேல் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிந்து, கணினிக்குள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. கணினிக்கு எந்தக் கோளாறும் ஏற்படவில்லை.

“பார்த்தீர்களா?” என்றார் அமைச்சர். “ஆமை இதைத் தாங்கியிருக்குமா?”

கூட்டம் கைதட்டியது.

மறுநாள் முதல் ஆணை வந்தது. காகிதம் இருக்கும்வரை கை அங்கேதான் போகும் என்பதால் காகிதம் ஒழிக்கப்பட்டது. பேனாக்களை மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். இரண்டாவது ஆணை உற்பத்தித் திறன் பற்றியது. ஒவ்வொரு அலுவலரும் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் முறை விசைப்பலகையைத் தட்ட வேண்டும். கணினியை விட்டு ஒரு முழம்கூட விலகக் கூடாது. தட்டு எண்ணுவதற்கென்று அலுவலகத்துக்கு ஒருவரை நியமித்தார்கள். நாடெங்கும் சடசடவென்று ஒரே சத்தம். உற்பத்தித் திறன் ஒரே வாரத்தில் நாற்பது மடங்கு உயர்ந்தது.

அதே வாரம் மழையும் பிடித்துக்கொண்டது. பெரிய ஏரியின் மதகுக் காவல் உலகம்மை என்ற பெண்ணிடம் இருந்தது. மதகுச் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். சாவி தலைமைச் செயலரிடம். அதை வாங்க ஏரிக்கரை அலுவலகத்தின் உத்தரவு வேண்டும். உலகம்மை முழங்கால்வரை சேற்றோடு எழுத்தர் தாணுலிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

“தாணு அண்ணாச்சி, ஏரியில பதினாலு அடி ஏறிட்டு. சாவிக்கு உத்தரவு குடுங்க.”

தாணுலிங்கம் தட்டுவதை நிறுத்தவில்லை. “ராஜாளிதான் குடுக்கணும் தாயி. மாறிக்கிட்டு இருக்கு.”

அவள் எட்டிப் பார்த்தாள். “கறுப்பால்லா கெடக்கு?”

“மாறும்போது அப்படித்தான் இருக்குமாம்.”

“ஆமையும் கறுப்பாத்தான கெடந்துச்சு?”

“அது பழைய கறுப்பு.”

“சரி, முன்ன மாதிரி ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்.”

“எதுல எழுத? எங்கிட்ட மிச்சம் இருக்கது விரலுதான். அதையும் இதுக்குக் குடுத்துட்டேன்.”

“அண்ணாச்சி, கரை தாங்குறது பதினெட்டு அடி. கீழத்தெருவுல முந்நூறு வீடு. எம் மக பேறுகாலத்துக்கு வந்து படுத்திருக்கா.”

தாணுலிங்கம் திரையைப் பார்த்தார். திரை கறுப்பாகவே இருந்தது. “நாளைக்கு வந்து பாரு தாயி” என்றார். பின்னாலிருந்து தட்டு எண்ணுகிறவர், “நாலாயிரத்துப் பத்து” என்றார்.

இப்படி நாடு முழுக்க ராஜாளி மாறிக்கொண்டே இருந்தது. ஏன் முடியவில்லை என்று தலைமைச் செயலர் பிரணதார்த்திகரன் ஆராய்ந்து மகாத்தலைவரிடம் அறிக்கை வைத்தார்.

“நாம் பழைய தளத்தில் இருப்பவர்களை எண்ணிப் புதிய தளத்துக்குக் கொண்டு போவதற்குள் சிலர் பிறந்துவிடுகிறார்கள். சிலர் இறந்தும் விடுகிறார்கள். குடிமக்கள் இவ்வளவு ஒத்துழைப்பில்லாமல் நடந்துகொண்டால் எந்தத் தளம்தான் மாறும்?”

மகாத்தலைவர் மனம் வருந்தி மூன்றாவது ஆணையைப் பிறப்பித்தார். மாற்றம் முடியும்வரை நாட்டில் புதிதாக எதுவும் நடக்கக் கூடாது. பிறப்பு, இறப்பு, திருமணம், நீர்மட்டம் ஏறுதல், இறங்குதல் அனைத்துக்கும் தடை. தண்டோரா ஒலித்தபோது மேலத்தெருவில் ஒரு மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருந்தார். ஒன்பது நாள் அப்படியே நின்றார். கை வலித்தபோது மட்டும் மைத்துனர் சற்று வாங்கி வைத்துக்கொண்டார்.

உலகம்மை செயலரையே பார்க்கப் போனாள்.

“பதினாறு அடிய்யா.”

“பதினான்கு” என்றார் செயலர்.

“நான் அளந்துட்டுல்லா வாரேன்!”

“அம்மா, பதினான்கில் இருந்தபோது தடை வந்துவிட்டது. மேலே உள்ள இரண்டடி சட்டப்படி இல்லாத தண்ணீர். இல்லாத தண்ணீருக்காக மதகைத் திறந்தால் நாளை எனக்கல்லவா கேள்வி வரும்?”

“அந்த இல்லாத தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துட்டா?”

“வராது. தடை இருக்கிறது.”

“எம் மகளுக்கு வலி எடுத்துட்டுய்யா.”

“அதுவும் அதே தடையில்தான் வருகிறது.”

“அப்ப நீங்களே வந்து அவளுக்கு ஆணையப் படிச்சுக் காட்டுங்க. கையில விளக்குமாறு வச்சிருக்கா, பார்த்து நில்லுங்க.”

செயலர் வேறு கோப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். கோப்புகளைத்தான் ஒழித்துவிட்டார்களே, வெகுநேரம் தேடினார்.

மறுநாள் நண்பகல் பதினேழரை அடி. கரையில் ஓரிடத்தில் நீர் கசியத் தொடங்கியது. உலகம்மை அலுவலகத்துக்குள் ஓடி வந்தாள்.

“அண்ணாச்சி, பூட்ட உடைக்கப் போறேன். சக்கரத்தச் சுத்த ரெண்டு ஆளு வேணும். வாரீயளா, இல்லையா?”

“இத விட்டு ஒரு முழம் விலகக் கூடாதே தாயி!”

“அப்ப அதையும் தூக்கிட்டு வாங்க.”

தாணுலிங்கம் யோசித்தார். முப்பது ஆண்டு சர்வீஸில் அவர் ஆணையை மீறியதில்லை. இதில் மீறல் எதுவும் தெரியவில்லை. கணினியைச் சுவரோடு பிணைக்கும் கம்பி எதுவும் இல்லை, தூக்கியதும் வந்துவிட்டது. உலகம்மை முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அவர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே உடன் நடந்தார். அவருக்குப் பின்னால், கொட்டுகிற மழையில், தட்டு எண்ணுகிறவரும் எண்ணிக்கொண்டே வந்தார்.

கரை முழுக்கக் களிமண். பூட்டை உடைக்க ஒரு கல் அகப்படவில்லை. உலகம்மை நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு தாணுலிங்கத்தைப் பார்த்தாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராஜாளி முதல் வீச்சில் பூட்டை நெளித்தது. இரண்டாம் வீச்சில் உடைத்தது. உள்ளே தேங்கியிருந்த பால் தயிராகி அவள் தோளில் வழிந்தது. மூவரும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றினார்கள்; எண்ணுகிறவரும்தான், எண்ணிக்கையை விடாமல். மதகு இரைந்து திறந்தது. அன்று மாலைக்குள் நீர் பதினொரு அடிக்கு இறங்கியது. கீழத்தெருவில் முந்நூறு வீடுகளும் நின்றன. அவற்றில் ஒன்றில் சட்டவிரோதமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் அரசு அறிவித்தது: “மனிதர்கள் மூன்று வாரமாகத் திறக்க முடியாத மதகை ராஜாளி இரண்டே தட்டில் திறந்தது.” அமைச்சர் வெயிலுமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பத்தாயிரத்து இரண்டு தட்டுக்காகத் தாணுலிங்கத்துக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. காகிதம் இல்லாததால் வாயால் கொடுத்தார்கள்.

உலகம்மையின் வீட்டுக்குச் செயலர் நேரில் வந்தார். ஏரியில் குறைகிற மூன்றடி நீரைத் திரும்பக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும், குழந்தையையும் பழைய நிலைக்கே மாற்றி வைக்க வேண்டும் என்ற நோட்டீசை மனப்பாடமாக ஒப்பித்தார்.

உலகம்மை பேத்தியைத் தோளில் தட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“மாறிக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்கய்யா” என்றாள்.

அரசுக்கு இதைவிட முறையான பதில் கிடையாது. செயலர் திருப்தியோடு திரும்பிப் போனார்.

இப்போது அங்கே மறுபடியும் தேர்தல். எதிர்க்கட்சி தாங்கள் வந்தால் புரவி என்ற தளத்துக்கு மாற்றுவோம் என்கிறது. ஆமையா, ராஜாளியா, புரவியா, எது வேகம் என்று வீட்டுக்கு வீடு சண்டை. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

தென்வடல் நாட்டின் முதல் மின்கம்பத்தைப் போன ஆவணியில்தான் நட்டார்கள். கம்பி இன்னும் வரவில்லை.